ஞாயிறு சாயங்காலத்து வயிற்றுவலி

மதிப்பிற்குரிய அம்மா,

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், வயது 41. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை. போன வருடம் எங்கள் பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்த்தார்கள், புது மேலாளர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கத்துவதும் இல்லை. ஆனால் இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் 'இது அவசரம்' என்று வரும். காலையில் போனால் அதைவிட அவசரமாக வேறொன்று காத்திருக்கும். வேலை முன்பும் இருந்ததுதான். நெருக்கடியான வாரங்களில் இரவு 9 வரை உட்கார்ந்திருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி ஆனதில்லை.

இப்போது ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. பலதுறை மருந்தகத்தில் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். மகள் தொடக்கநிலை 6. கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தவளிடம் எரிந்து விழுந்தேன். இப்போது அவள் என்னிடம் கேட்பதே இல்லை. "எல்லாருக்கும்தான் வேலை இருக்கு" என்கிறார் கணவர். நான்தான் தாங்கத் தெரியாதவளா?

- ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

'வேலை முன்பும் இருந்ததுதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். அன்று 9 மணிவரை உட்கார்ந்தாலும், எதை முதலில் முடிப்பது என்பது உங்கள் கையில் இருந்திருக்கும். இன்று அது இல்லை. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இல் இதைத்தான் எழுதினார்: வேலையின் நெருக்குதல் மிகுந்து, அதன்மேல் நமக்குள்ள பிடி குறையும்போதுதான் மனவுளைச்சல் ஏறுகிறது.

இரவில் செய்தி வராத நாளிலும், 'வருமோ' என்ற எதிர்பார்ப்பே உடலைத் தயார்நிலையில் வைத்திருக்கும். அந்த நிலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும், செரிமானம் பின்னுக்குப் போகும். ஆக, மருந்தகத்தில் சொன்னதும் உண்மை, உங்கள் வலியும் உண்மை.

தாங்கத் தெரியாதவளா என்று கேட்டீர்கள். வேலையால் வரும் கடும் சோர்வை, உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தைச் சார்ந்த ஒரு நிலை என்றே குறித்தது. உங்களுக்கு வந்திருப்பது அதுதானா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் பழியை முழுக்க உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். கணவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

மூச்சுப் பயிற்சி, யோகா என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் 10 மணிச் செய்தியை அது நிறுத்தாது. மேலாளரிடம் "வேலை அதிகம்" என்று ஆரம்பித்தால் புகாராகத்தான் கேட்கும். கையில் இருப்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "இதில் இன்று எது முதலில்? மற்றது நாளைக்குப் போகலாமா?" என்று கேளுங்கள். முடிவை அவர் வாயால் சொல்லட்டும். அப்புறம், "இரவில் அனுப்புவதற்கு அன்றே பதில் வேண்டுமா? உண்மையிலேயே அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்றும் சொல்லிப் பாருங்கள். மறந்துவிடக் கூடாதே என்று அனுப்பிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கப் போகிற ஆளாகவும் இருக்கலாம்!

அதற்கும் வழிவிடவில்லை என்றால் மனிதவளப் பிரிவுக்குப் போங்கள். வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்புக்குத் தெளிவான வரையறை வையுங்கள் என்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பே முதலாளிகளுக்குச் சொல்கிறது. சட்டமல்ல, ஆலோசனைதான். இருந்தாலும் வெறுங்கையோடு போய்ப் பேசுவதைவிட அது மேல். மகளின் தேர்வு முடியும்வரை நீக்குப்போக்கான வேலை நேரமும் கேட்கலாம். 2024 டிசம்பர் 1 முதல், முறைப்படி எழுதிக் கேட்டால் நிறுவனம் 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ காத்திருக்காதீர்கள். 1771 என்ற மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

மகளிடம் கணக்கிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "அன்று கோபம் உன்மேல் இல்லை, அலுவலகத்துக் கோபத்தை உன்னிடம் காட்டிவிட்டேன்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மேலாளரிடம் பேசத் திங்கட்கிழமை வரட்டும், இதற்குத் தேவையில்லை.