கேள்வி-பதில்: மினி பைக்கும் பின்னால் ஒரு டிரெய்லரும்

கேள்வி: தோட்ட வேலைக்கு மினி பைக் வைத்திருக்கிறேன். '300 கிலோ தாங்கும்' என்று போட்ட சின்ன டிரெய்லரை வாங்கலாமா?

பதில்: அந்த 300 கிலோ டிரெய்லரின் தட்டு தாங்கும் எடை. உங்கள் பைக்கால் எவ்வளவை நிறுத்த முடியும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஆறவில்லை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது எப்போதும் தட்டின் எண்தான். எந்த வண்டியால் இழுக்கலாம், என்ன வேகத்தில் போகலாம் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்காது.

பல மினி பைக்குகளுக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். சின்ன டிரெய்லருக்கு அதுவும் கிடையாது. மொத்தச் சுமையையும் ஒரே ஒரு டயர் பிடித்து நிறுத்த வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இறக்கம் இன்னும் மோசம். இந்த வண்டிகளின் கிளட்ச், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் பிடி விட்டுவிடும். அப்புறம் எஞ்சின் தடுக்காது, வண்டி உருண்டுகொண்டே போகும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: சுமையோடு சேர்த்து டிரெய்லரின் எடை, பைக்கும் நீங்களும் சேர்ந்த எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. பைக் 50 கிலோ, நீங்கள் 70 கிலோ என்றால் 60 கிலோ. டிரெய்லரே 25 கிலோ இருந்தால் ஏற்றுவதற்கு மிச்சம் 35. அதுவும் சமதரையில், மெதுவாக.

கேள்வி: அதில் குழந்தைகளை உட்காரவைத்து ஒரு சுற்று போகலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: இணைப்புக் கொக்கி எப்படி இருக்க வேண்டும்?

பதில்: பைக் சாயும், இரண்டு சக்கர டிரெய்லர் சாயாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கொக்கி பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் போதாது, முறுக்கவும் இடம் தர வேண்டும். நான் முதலில் வாங்கியது புல்வெட்டும் டிராக்டருக்கான, பின் (pin) செருகிப் பூட்டும் கொக்கி. முதல் வளைவிலேயே பின் இறுகிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால் தகடு முறுக்கிக் கிடந்தது. வாங்குமுன் டிரெய்லரைப் பூட்டி, பைக்கை இரு பக்கமும் நன்றாகச் சாய்த்துப் பாருங்கள். டிரெய்லர் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் அந்தக் கொக்கி வேண்டாம். கொக்கியைச் சீட்டுக்கு அடியில் வெல்டிங் வைப்பதும் வேண்டாம். பைக்கின் பின்சக்கர அச்சின் உயரத்துக்குப் பக்கத்தில், சட்டத்தோடு சேர்த்துப் பொருத்த வேண்டும்.

கேள்வி: கொஞ்சம் வேகம் எடுத்தால் டிரெய்லர் வாலாட்டுகிறது.

பதில்: சுமை அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, முன்னே தள்ளுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். உடல் எடை பார்க்கும் மெஷின் மேல் டிரெய்லரின் கழுத்தை (கொக்கியில் மாட்டும் முன்தண்டை) வைத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: 'சுமை இழுக்க ஏற்றது' என்று சொல்லி விற்றார்கள். மேட்டில் ஏறினால் கருகல் வாடை. கடையில் கேட்டால், 'புதுசு அப்படித்தான்' என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தவறு உங்களுடையது அல்ல. அது கிளட்ச் வழுக்கிச் சூடாகும் வாடை. அதன் உருளை நீலம் பூத்திருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். இனி ஓட்டாதீர்கள். விளம்பரத்தையும் ரசீதையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கேள்வி: கொக்கியின் பின் தொலைந்துவிட்டதால் ஆணி போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்: பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதா என்றாவது எழுதியிருக்கலாம். டிரெய்லர் வாங்கத் தெரிந்தவருக்கு ஒரு பின் வாங்க ஏன் மனம் வரவில்லை? ஆணி வளையும், பிறகு நழுவும். சரியான அளவுப் பின்னும் அதற்கான கிளிப்பும் வாங்குங்கள். கழுத்துக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டுங்கள். கொக்கி கழன்றாலும் கழுத்து தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும். அதுவரை டிரெய்லரை எடுக்காதீர்கள்.