மிஸ்ஸியிடம் கேளுங்கள்: கரண்டியில் நிற்கிற சோறு

(பதில் சொல்பவர், ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தோட்டங்களில் 31 வருடம் குடும்ப நல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

மிஸ்ஸி, மகனுக்குப் போன கிழமையோடு 6 மாதம் முடிந்தது. காலையில் நான் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்) போய்விட்டால் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். கண்டியில் இருக்கும் என் சின்னம்மா மகள், "பிளெண்டர் வாங்கு, கரட், ஆப்பிள் எல்லாம் அரைத்துக் கொடு" என்கிறாள். அத்தையோ, "கஞ்சித் தண்ணி போதும், கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளைக்கு நெஞ்சை அடைக்கும்" என்கிறார். எங்கள் வீட்டில் பிளெண்டரும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?
— ஒரு தாய், பொகவந்தலாவை

பிளெண்டர் கவலையை விடுங்கள் மகள். கீரை கடைகிற மத்து வீட்டில் இருக்கும்தானே? அது போதும். மத்து இல்லாவிட்டால் கரண்டியின் பின்பக்கம். நான் பார்த்த லயங்களில் நன்றாக வளர்ந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மத்தால் கடைந்த சோற்றில் வளர்ந்தவர்கள்தான்.

அத்தை சோற்றில் தொடங்கச் சொல்வது சரி. தண்ணியாகக் கொடுக்கச் சொல்வதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பாருங்கள். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் அளவு. உங்கள் மகன் 7 கிலோ என்றால் 210 மில்லிலீற்றர், ஒரு தேத்தண்ணிக் கோப்பையை விடக் கொஞ்சம் கூட. அந்தச் சின்ன வயிற்றைக் கஞ்சித் தண்ணியால் நிரப்பினால் வயிறு ஊதும், பிள்ளை தூங்கும், எடை மட்டும் ஏறாது. தண்ணியால் நிறைந்த வயிறு தாய்ப்பாலையும் வேண்டாம் என்று தள்ளிவிடும். அப்போது பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நட்டம்.

இதை நான் கிளினிக்கில் மட்டும் படிக்கவில்லை. 1991இல் என் இரண்டாவது மகளுக்கு 6 மாதம் முடிந்திருந்தது. நான் மலைக்கு மலை ஏறி மற்றவர்களின் பிள்ளைகளை நிறுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் அம்மா ஆசையாசையாகக் கஞ்சி காய்ச்சி, போத்தல் சூப்பியின் ஓட்டையைப் பெரிதாக்கி ஊட்டினார். போத்தலை முழுதாகக் குடித்துவிடுகிறாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எட்டாம் மாதம் நிறுத்துப் பார்த்தால் ஆறாம் மாதத்து எடையிலேயே நிற்கிறாள். பதிவேட்டில் எடைக் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. எங்களுக்கு மேலே இருந்த ஒரு மூத்த தாதி அந்தப் போத்தலை வாங்கி ஒரு சோசரில் ஊற்றினார். கஞ்சி ஓடிப் பரவியது. "இதைக் குடித்துவிட்டு நீ மலை ஏறுவாயா? அவள் மட்டும் எப்படி வளருவாள்?" என்று கேட்டார். அன்று இரவு நான் அழுதேன். மறுநாள் போத்தலைத் தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு தாய்க்கும் இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மசித்த சோற்றைக் கரண்டியில் எடுத்துச் சாயுங்கள். தண்ணியாக ஓடினால் அது பிள்ளைக்கு உணவு இல்லை. கரண்டியில் ஒட்டி நின்று, பிறகு மெதுவாக வழுக்கி விழ வேண்டும்.

செய்முறை இதுதான். ஒரு கைப்பிடி பச்சையரிசி, அரைக் கைப்பிடி மைசூர் பருப்பு, ஒரு துண்டு பூசணி அல்லது கரட். நன்றாகக் குழையும்வரை வேக வையுங்கள். உப்பும் சீனியும் வேண்டாம், 1 வயதுவரை நாவுக்கு அது தெரியவே தேவையில்லை. இறக்கி மத்தால் கடையுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் அல்லது கெட்டித் தேங்காய்ப்பால் விடுங்கள். இளக்க வேண்டுமென்றால் கொதித்தாறிய தண்ணீரை விட, பிழிந்தெடுத்த உங்கள் பாலே நல்லது. பிள்ளைக்குப் பழகிய ருசி, முகம் சுளிக்காமல் வாங்கும்.

எல்லாவற்றையும் முதல் நாளே கலக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் வெறும் சோறு, அப்புறம் பருப்பு, அப்புறம் ஒவ்வொரு மரக்கறியாக. ஒரு புது உணவுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மூன்று நாள் விட்டால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். முதல் நாள் இரண்டு தேக்கரண்டி உள்ளே போனால் போதும். நாக்கால் வெளியே தள்ளுவான். பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, இதுவரை உறிஞ்ச மட்டுமே தெரிந்த நாக்கு அது. மெதுவாகக் கூட்டி, ஏழு எட்டு மாதத்தில் ஒரு வேளைக்கு 250 மில்லிலீற்றர் கோப்பையில் பாதி, ஒரு நாளைக்கு 2 அல்லது 3 வேளை. 9 மாதத்துக்குப் பிறகு 3 அல்லது 4 வேளை. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

ஏழாம் மாதத்தில் முட்டை, நெத்தலி, கோழி ஈரல் மூன்றும் சட்டிக்கு வர வேண்டும். வயிற்றில் இருக்கும்போது தாயிடம் வாங்கிச் சேமித்த இரும்புச்சத்து 6 மாதத்தோடு தீர்ந்து வரும், தாய்ப்பாலில் அது குறைவு. அமெரிக்கப் போசாக்கு அட்டவணைப்படி 7 முதல் 12 மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 போதும். அப்பாவை விட மகனுக்குக் கூடத் தேவை! அதைக் கரட்டாலும் ஆப்பிளாலும் நிரப்ப முடியாது. கிழமைக்கு ஒரு நாள் ஒரு ஈரல் துண்டை அவித்துச் சோற்றோடு கடையுங்கள். நெத்தலியைத் தலை கிள்ளி, சுடுதண்ணியில் ஊற வைத்து இரண்டு மூன்று தண்ணியில் உப்புப் போகக் கழுவி, வறுத்து மாவாக இடித்துப் போத்தலில் வைத்தால் தினமும் அரைக் கரண்டி போடலாம். முட்டை நன்றாக அவிந்திருக்க வேண்டும், முதலில் கொஞ்சமாகத் தொடங்குங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடென்றால் பருப்பும் கீரையும் கொடுத்து, கூடவே மசித்த பப்பாசியோ தோடம்பழச் சாறோ கொடுங்கள். பழத்திலுள்ள விற்றமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர வைக்கும். கிளினிக்கில் நுண்சத்துப் பொடி தந்தால் அலமாரியில் வைக்காமல், பிள்ளை முதலில் சாப்பிடுகிற நாலு வாய்ச் சோற்றில் கலந்து கொடுங்கள். சூடான சோற்றில் போட வேண்டாம்.

ஃபிரிட்ஜ் இல்லையென்றால் காலையில் சமைத்ததைப் பகலுக்கு வைக்காதீர்கள். நம் ஊர் குளிர்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அடுப்பங்கரை குளிர் இல்லை. சமைத்து 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். இளஞ்சூட்டில் ஃபிளாஸ்கில் அடைத்து வைப்பது அதைவிட மோசம், கிருமி வளர அதுதான் நல்ல இடம். அத்தையைப் பகலுக்குத் தனியாக ஒரு பிடி வேக வைக்கச் சொல்லுங்கள், அரை மணி நேர வேலைதான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், பிள்ளையின் கையையும் சேர்த்து.

இன்னொன்று. 1 வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற தாய்க்கு, பாலூட்ட வேலை நேரத்தில் இரண்டு இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) இருக்கிற இடமென்றால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் ஒரு மணி நேரம். மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் உள்ளதுதான், கேட்டு வாங்குங்கள். முதல் கொழுந்து நிறுவைக்குப் பிறகு ஓடிவந்து ஒரு தடவை பால் கொடுத்துவிட்டுப் போனால் பகல்வரை பிள்ளை அமைதியாக இருக்கும்.

அத்தையோடு சண்டை வேண்டாம். அந்தக் கரண்டிச் சோதனையை அவர் கையாலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். என் அம்மாவும் ஒரே நாளில் மாறினார்.

எட்டு மாத மகளுக்குக் காலையில் போத்தலில் கொஞ்சம் பால் தேத்தண்ணி கொடுக்கிறோம். பிஸ்கட் ஊற வைத்தும் ஊட்டுகிறோம். எங்கள் அப்பாயி காலத்திலிருந்து இப்படித்தான். தப்பா?
— ராகலையிலிருந்து ஒருவர்

ஆமாம், நிறுத்திவிடுங்கள். தேத்தண்ணியில் இருக்கிற டனின் என்ற துவர்ப்புப் பொருள், சோற்றிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. இரும்பு குறைந்தால் பிள்ளை வெளிறிப் போவாள், சோர்ந்து கிடப்பாள், மூளை வளர்ச்சிக்கும் அது பாதிப்பு. கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்குகிற நமக்கு இதைச் சொல்ல மனம் வராமல் இருக்கலாம், ஆனால் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஒரு மிடறும் வேண்டாம். சாப்பிட்ட கையோடு பெரியவர்கள் குடிப்பதும் இதே காரணத்தால் நல்லதில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

பிஸ்கட்டில் மாவும் சீனியும்தான். அதற்குப் பதில் ஒரு வாழைப்பழத்தை மசித்துக் கொடுங்கள், கிடைக்கிற காலத்தில் பட்டர்புரூட். இதை விட நல்ல காலைச் சாப்பாட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணீரைக் கோப்பையில் கொடுங்கள். போத்தல் கழுவக் கஷ்டம், சூப்பியில் கிருமி நிற்கும்.

நான் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மரக்கறி, பருப்பு எல்லாம் அவித்து நைசாக அரைத்து ஐஸ் தட்டில் உறைய வைத்துவிடுவேன். மகனுக்கு 10 மாதம். கொஞ்சம் கட்டி வந்தாலும் ஓங்கரிக்கிறான். பயந்து திரும்பவும் அரைத்தே கொடுக்கிறேன்.
— பதுளை வாசகி

உறைய வைப்பதில் பிழையில்லை. ஒரு மாதத்துக்குள் முடியுங்கள், தேவையானதை மட்டும் எடுத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி ஆற வைத்துக் கொடுங்கள், மிஞ்சியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

பிரச்சினை நைசாக அரைப்பதில் இருக்கிறது. நைசான கூழ் முதல் சில கிழமைக்கு ஒரு படி மட்டுமே. எட்டு ஒன்பது மாதத்தில் கட்டி தட்டுப்பட வேண்டும், 1 வயதில் வீட்டுச் சாப்பாட்டையே காரம் குறைத்துச் சாப்பிட வேண்டும். இந்த வயது தாண்டிவிட்டால் மெல்லப் பழக்குவது கஷ்டமாகும். நாளைக்கே பெரிய கட்டி வைக்காதீர்கள். அரைத்த கூழில் கரண்டியால் மசித்த கூழைப் பாதி கலந்து நாலு நாள், அப்புறம் முழுக்க மசித்தது. நன்றாக வெந்த போஞ்சித் துண்டையோ உருளைக்கிழங்குத் துண்டையோ கையில் கொடுத்து அவனையே கடிக்க விடுங்கள். வாய்க்கு எவ்வளவு போகலாம் என்று கை கற்றுக்கொடுக்கும்.

ஓங்கரிப்பது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. ஓங்கரிக்கிற பிள்ளை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், நாக்கை நீட்டித் தானே வெளியே தள்ளும். பக்கத்தில் இருந்து பாருங்கள், விரலை வாய்க்குள் விட வேண்டாம். அடைத்துக்கொண்ட பிள்ளைக்குச் சத்தமே வராது. இருமவும் முடியாது, அழவும் முடியாது, உதடு நீலமாகும். உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தடவை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் 5 தடவை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவரை 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட் துண்டு மூன்றையும் இந்த வயதில் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

பேரனுக்கு 7 மாதம். சளிக்கு நாக்கில் காட்டுத்தேன் தடவலாமா?
— ஒரு தாத்தா, மாத்தளை

வேண்டாம் ஐயா, 1 வயது முடியும்வரை ஒரு துளியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி உடம்பைத் தளர வைத்துவிடும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்துச் சாகாது. சுத்தமான தேனாக இருந்தாலும் இதே ஆபத்துத்தான். சளிக்கு அடிக்கடி தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள், மூச்சு இழுத்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்குப் போவேன். 7 மாத மகளுக்கு விலை கூடிய பேபி ஃபூட் டின் வாங்கிக்கொண்டு போகிறேன். மனைவி அது போதவில்லை, தண்ணி கூட விட்டுக் கரைக்கிறேன் என்கிறார். இரண்டு டின் வாங்க என்னால் முடியாது. என்ன செய்யட்டும்?
— ஒரு தகப்பன், தலவாக்கலை

தம்பி, டின் கெட்டதில்லை. ஆனால் 2 கிழமைக்கு இழுத்துப் பிடிக்கத் தண்ணி விட்டுக் கரைத்தால் அது நான் மேலே சொன்ன கஞ்சித் தண்ணிதான். அந்தக் காசுக்கு வேறு சாமான் வாங்குங்கள். கால் கிலோ நல்ல நெத்தலி, பயறு, மைசூர் பருப்பு, தோடம்பழம் நாலு, ஒரு சின்ன எவர்சில்வர் கோப்பையும் கரண்டியும். முட்டையும் ஈரலும் பூசணியும் தலவாக்கலையிலேயே வாங்கலாம். பதிவேட்டை எடுத்து, போன மாதம் எடைக் கோடு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். படுத்திருந்தால் மனைவியைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, திரிபோஷா சத்துமா தருவார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டை நீங்களே கடைந்து, மடியில் வைத்து ஊட்டுங்கள். இரண்டு கிழமை காணாத முகம், முதல் கரண்டியைத் துப்பக்கூடும். துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்து, இன்னொரு கரண்டி வையுங்கள்.