ஒன்றரை அடித் தொட்டியில் ஏஞ்சல் மீன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போய் வருகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் ஏஞ்சல் மீனைப் பற்றியவைதான் எப்போதும் அதிகம். இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சண்டை, தண்ணீர், வெயில், முட்டை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருப்பது தொட்டி சின்னது என்கிற சங்கதிதான்.

ஒன்றரை அடித் தொட்டியில் நாலு ஏஞ்சல் வளர்க்கிறேன். வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்தன. ஏழெட்டு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு மீன் சேர்ந்துகொண்டு மற்ற இரண்டையும் மூலையில் தள்ளிக் கொத்துகின்றன. ஒன்றுக்கு வால் கிழிந்துவிட்டது. என்ன மருந்து போடலாம், சார்?
(வியாசர்பாடி வாசகர்)

மருந்து வேண்டாம். அங்கே நோய் எதுவும் இல்லை, இடம்தான் இல்லை. சேர்ந்துகொண்டு விரட்டுகிற இரண்டும் பெரும்பாலும் ஜோடி சேர்ந்திருக்கும். ஏஞ்சல், சிக்லிட் குடும்பத்து மீன். ஜோடி சேர்ந்ததும் முட்டையிட ஓர் இடத்தைப் பிடித்து, அந்தப் பக்கம் வேறு மீனை அண்டவிடாமல் அடிப்பது அந்தக் குடும்பத்தின் குணம். அமேசான் ஆற்றில் அடி வாங்கிய மீன் கொஞ்சம் தள்ளிப் போய் வேர்களுக்குள் ஒதுங்கிக்கொள்ளும், சண்டை அதோடு முடியும். உங்கள் தொட்டியில் தள்ளிப் போக எங்கே இடம்? தொட்டி மொத்தமும் அந்த ஜோடியின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்பு வரை ஊற்றினாலும் 42 லிட்டர்தான். கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக 35 லிட்டர் தேறினால் அதிகம். அதைவிட முக்கியம் உயரம். 12 அங்குலத்தில் கீழே கல் 2 அங்குலம், மேலே காலியாக 2 அங்குலம். மீனுக்கு மிச்சம் 8 அங்குலம், அதாவது 20 செ.மீ. வளர்ந்த ஏஞ்சல் மூக்கிலிருந்து வால் வரை 15 செ.மீ. வரை போகும். மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனி வரை அளந்தால் 20 செ.மீ.யைத் தாண்டிவிடும். அந்த மீன் துடுப்பை முழுதாக விரித்து நிற்கவே உங்கள் தண்ணீரில் ஆழம் போதாது.

இன்றைக்கே அடிபடுகிற இரண்டையும் பிரித்துவிடுங்கள். வேறு தொட்டி இல்லையென்றால் பெரிய பிளாஸ்டிக் டப் போதும். உள்ளே ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடட்டும், மேலே வலை போட்டு மூடுங்கள். கிழிந்த துடுப்பு சுத்தமான தண்ணீரில் தானே வளரும். கிழிசலின் ஓரம் வெளுத்தோ சிவந்தோ போய் உள்பக்கமாக அரித்துக்கொண்டே வந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். ஜோடி இருக்கும் தொட்டியில் வாரம் இரண்டு முறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

இதெல்லாம் சில வாரத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். நடுவில் பிளாஸ்டிக் செடி வைத்து மறைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ஜோடிக்கு நான் சொல்லும் குறைந்த அளவு இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அது ஏறத்தாழ 106 லிட்டர். ஐந்தாறு மீனைக் கூட்டமாக வைக்க ஆசை என்றால் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அது 255 லிட்டர். உயரத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். 18 அங்குல உயரத்துக்கு 8 மி.மீ. கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கல், கண்ணாடி எடையும் சேரும் என்பதால் ஸ்டாண்டைச் சுவரை ஒட்டிப் போடுங்கள்.

"தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும், பயப்படாதீங்க" என்று கடையில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அது உண்மையா, அண்ணா?
(ராயபுரம், கல்லூரி மாணவி)

இல்லைம்மா. சின்னத் தொட்டியில் மீன் சின்னதாக நின்றுவிடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அது இடத்துக்கு ஏற்றபடி தன்னைச் சுருக்கிக்கொண்ட மீன் இல்லை. கழிவு சேர்ந்த தண்ணீரிலும் ஓயாத பயத்திலும் வளர்ச்சி கெட்டுப்போன மீன். உடம்பு சிறுத்திருக்கும், கண் மட்டும் பெரிதாகத் தெரியும், நீண்டு நிற்க வேண்டிய துடுப்புகள் வளைந்தும் குட்டையாகவும் இருக்கும். நன்றாக வளர்த்தால் பத்து வருடம்கூட இருக்கக்கூடிய மீன் அது. ஓராண்டு, ஈராண்டில் செத்துப்போனால் 'ஆயுசு அவ்வளவுதான்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குஞ்சுப் பருவத்தில் தடைபட்ட வளர்ச்சியை, பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் முழுதாக மீட்க முடியாது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் ஒரு மீன் சில நாள்தான் இருக்கிறது. அது வளர்ந்து நிற்பதைப் பார்ப்பவர்கள் பண்ணைக்காரர்கள். அடுத்த முறை கொளத்தூர் பக்கம் போனால், தொட்டி கட்டிக் குஞ்சு எடுக்கிறவர் யாரிடமாவது "தாய் மீனைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். உங்கள் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டி வாங்கும் முன்னால் எல்லோரும் இதைச் செய்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வராது.

மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் மூன்றும் வீட்டில் இருக்கிறது. ஏஞ்சலுக்கு எது நல்லது?
(தண்டையார்பேட்டை வாசகர்)

மெட்ரோ தண்ணீரே போதும், குளோரினை எடுத்துவிட்டால். வடசென்னைக்கு வரும் தண்ணீரில் புழல் ஏரித் தண்ணீரும் உண்டு, மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீரும் வந்திருக்கிறது. எதுவானாலும் குளோரின் கலந்துதான் வரும். ஒரு நாள் திறந்த டிரம்மில் ஏர் பம்ப் ஓடவிட்டு வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரினைச் சொன்ன அளவில் விடுங்கள். லாரித் தண்ணீரில் வாசனை தூக்கலாக இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று நம் மீனைக் காப்பாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது, குளோரின் பட்டால் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள்.

போர் தண்ணீரில்தான் கவனம் தேவை. கடலோரத்தில் உப்பு ஏறிய இடங்கள் நிறைய. கடினத் தண்ணீர் என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம், நம்மூர்ப் பண்ணை ஏஞ்சல்கள் தலைமுறை தலைமுறையாக நம்மூர்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவை. ஆபத்து பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண், கூடுதலாக இருப்பதில்தான் இருக்கிறது. பி.எச். 7 உள்ள தண்ணீரோடு ஒப்பிட்டால், பி.எச். 8 உள்ள தண்ணீரில் அதே அளவு அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். சின்னத் தொட்டியில் நாலு ஏஞ்சல் விட்டு, போர் தண்ணீரையும் ஊற்றினால் ஒரு நாள் கூடுதலாகப் போட்ட தீனி போதும், காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அம்மோனியா, பி.எச். இரண்டுக்குமான சோதனைக் கிட் மீன் கடைகளில் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றி வளர்க்காதீர்கள். அதில் தாது உப்பு மிகக் குறைவு என்பதால் பி.எச். நிலையாக நிற்காது, திடீரென்று இறங்கிவிடும். உப்பான போர் தண்ணீரோடு கலந்துகொள்ள அது உதவும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவு நீர் வேண்டவே வேண்டாம்.

மே மாதம் மீன் சோர்ந்து மேலேயே நிற்கிறது. கரன்ட் வேறு அடிக்கடி போகிறது. என்ன செய்வது?
(கொடுங்கையூர், இல்லத்தரசி)

ஏஞ்சல் வெப்பமண்டல மீன்தான், 30 டிகிரி வரை சமாளிக்கும். அதற்கு மேல் போகும்போது வெப்பத்தைவிட மூச்சுதான் பிரச்சினை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8.3 மி.கி. ஆக்சிஜன் கரையும் என்றால் 32 டிகிரியில் 7.3 மி.கி.தான் கரையும். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். தண்ணீர் குறைந்த தொட்டி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும்.

மூடியைத் திறந்து வலை போடுங்கள், தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி சின்ன ஃபேனைத் திருப்பி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடற்காற்றில் ஈரம் அதிகமான நாளில் அவ்வளவு இறங்காது. தொட்டி விளக்கைப் பகலில் அணைத்துவிடுங்கள். ஐஸ் கட்டியை உள்ளே போடாதீர்கள், திடீர்க் குளிர்ச்சி வெயிலைவிடக் கெடுதல். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

கரன்ட் போகும் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் தீனியே போட வேண்டாம், வளர்ந்த ஏஞ்சல் சில நாள் பட்டினியைத் தாங்கும். பேட்டரி தீர்ந்தால் மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். மூடிய பெட்டி மாதிரியான ஃபில்டர் வைத்திருப்பவர்கள், பல மணி நேரம் கழித்து கரன்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிக் கெட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி, பிறகு போடுங்கள்.

ஃபில்டர் குழாயில் முட்டையிட்டது. மறுநாள் காணோம். தாயே தின்றுவிட்டதா?
(மாதவரம் வாசகர்)

தின்றிருக்கும். முதல் சில தடவை இளம் ஜோடிகள் அப்படித்தான் செய்யும். பக்கத்தில் வேறு மீன் சுற்றினாலோ, இரவில் விளக்கைச் சட்டென்று அணைத்தாலோ பதறிப்போய்த் தின்பதும் உண்டு. இரண்டுமே பெண்ணாக இருந்து முட்டையிடுவதும் நடக்கும். அப்போது முட்டை எல்லாம் வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும். நல்ல முட்டை என்றால் இரண்டு மூன்று நாளில் பொரியும், முட்டையிட்ட ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும், அன்றிலிருந்து ஆர்ட்டீமியா என்கிற மிகச் சின்ன உப்புநீர் இறாலின் குஞ்சைத் தீனியாகத் தர வேண்டும். ஒரு தடவையில் நூற்றுக்கணக்கில் வரும். தாய் மீனுக்கே இடம் பற்றாத வீட்டில் அத்தனை குஞ்சை எங்கே வைப்பீர்கள்? இடம் கிடைக்கும்வரை முட்டை போவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நியான் டெட்ரா பத்து விட்டேன், மூன்றுதான் இருக்கிறது. செத்த மீனும் கண்ணில் படவில்லை.
(எருக்கஞ்சேரி வாசகர்)

ஏஞ்சல் சாப்பிட்டுவிட்டது. வாய்க்குள் போகிற மீன் அதற்கு இரைதான். மீதி மூன்றையும் உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பதிலுக்கு டைகர் பார்ப் விட்டுவிடாதீர்கள், அது ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடிக்கும். டேங்க் கிளீனர் மீனும் வேண்டாம். பெரிதானால் அரை அடியைத் தாண்டும், ஏஞ்சலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேலே உள்ள வழுவழுப்பை உறிஞ்சும்.

வாடகை வீடு, ஒரே அறை. பெரிய தொட்டிக்கு வழியே இல்லை. பையன் இந்த இரண்டு ஏஞ்சலையும் பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். எப்படியாவது இந்தத் தொட்டியிலேயே நன்றாக வைத்துக்கொள்ள முடியாதா, சார்?
(பெரம்பூர், ஒரு தந்தை)

உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் வைத்துக்கொண்டு யோசித்தேன். முடியாது, சார். தண்ணீரை நீங்கள் தினமும் மாற்றலாம், நல்ல தீனி போடலாம். ஆழத்தையும் அகலத்தையும் அதனால் கொடுக்க முடியாது. அன்பு குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை.

வளர்ந்த, சேதமில்லாத ஏஞ்சலை வாங்கிக்கொள்ளச் சில கடைக்காரர்களும் குஞ்சு எடுப்பவர்களும் தயாராக இருப்பார்கள். பணம் எதிர்பார்க்காமல் கேளுங்கள். கொளத்தூர் உங்களுக்குப் பக்கம்தான். முதல் நாள் தீனி போட வேண்டாம். ஒரு பைக்கு ஒரு மீன், உயரமான பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. துணிப்பைக்குள் வைத்து இருட்டாகக் கொண்டுபோனால் மிரளாது. பையனையும் கூட்டிப் போங்கள். அது போகும் பெரிய தொட்டியை அவன் கண்ணால் பார்க்கட்டும்.

ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. நம் தொட்டி நோய்களையும் ஏரிக்குக் கொண்டுபோகும். இப்படி விட்ட டேங்க் கிளீனர் மீன்கள் தமிழ்நாட்டின் ஏரிகளில் பெருகி, வலை போடுகிறவர்களுக்குத் தொல்லையாகிவிட்டன.

உங்கள் ஒன்றரை அடித் தொட்டி வீணாகாது. ஃபைட்டர் மீன் ஒன்றைத் தனியாக விடலாம். அல்லது ஆண் கப்பி மட்டும் ஆறு, ஏழு. பெண் சேர்த்தால் மாதாமாதம் குட்டி போட்டு மறுபடி இடப் பிரச்சினை வரும். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். ஏஞ்சல் போன ஒன்றிரண்டு நாளிலேயே புது மீனை விட்டுவிடலாம், ஃபில்டரில் உள்ள பாக்டீரியா பட்டினி கிடக்காது. எதை விடுவது என்று பையனே தேர்ந்தெடுக்கட்டும்.