பழைய டூல்மேக்கர்ஸ் மைக்ராஸ்கோப் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோயம்புத்தூரில் சிறிய டூல் ரூம் நடத்துகிறேன். மூடப்பட்ட ஆலை ஒன்றின் சாமான்களை ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம், கிழக்கு ஜெர்மனியில் தயாரான கார்ல் சைஸ் ஜெனா டூல்மேக்கர்ஸ் மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. விளக்கு எரியவில்லை, லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. விலை எனக்குக் கட்டுப்படியாகும். வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் விலையைக் குறைத்துக் கேட்க உதவுமே தவிர, வாங்காமல் விடுவதற்குப் போதுமான காரணங்கள் ஆகமாட்டா. இது சிறு பாகங்களைப் பெரிதாக்கிப் பார்த்து அளக்கும் கருவி. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தெரியும் குறுக்குக் கோட்டைப் பொருளின் ஒரு விளிம்பில் நிறுத்தி, மைக்ரோமீட்டர் என்ற அளவுத் திருகைத் திருகி, பொருளை வைத்த மேடையை நகர்த்தி, மறு விளிம்பை அதே கோட்டுக்குக் கொண்டுவருகிறோம். மேடை நகர்ந்த தூரம்தான் நமக்குக் கிடைக்கும் அளவு. உருப்பெருக்கம் 30 மடங்கா 28 மடங்கா என்பதால் அந்த அளவு மாறுவதில்லை. லென்ஸ் மங்கியிருந்தால் விளிம்பு கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். மேடை நகரும் தடமோ மைக்ரோமீட்டர் திருகோ தேய்ந்திருந்தால், படம் பளிச்சென்று தெரிந்தாலும் அளவு பொய்யாகிவிடும். மரை (திருகுப் புரி) வடிவங்கள் பொறித்த சுழலும் கண்ணாடித் தட்டுள்ள ஐபீஸ் இதற்கு விலக்கு: அங்கே பொருளின் பிம்பத்தைத் தட்டிலுள்ள கோட்டோடு பொருத்திப் பார்ப்பதால், உருப்பெருக்கம் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும்போது கைவிளக்கு ஒன்றையும், 5.1, 10.3, 15.0, 20.2, 25 மி.மீ. ஸ்லிப் கேஜ்களையும் (நீளம் துல்லியமாகத் தெரிந்த அளவுக் கட்டைகள்) எடுத்துச் செல்லுங்கள். கேஜ்கள் உங்களிடம் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். முதலில் மேடையைக் கையால் தள்ளி, முழுத் தூரமும் மிக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சீரான இடைவெளியில் விரலுக்கு லேசான தட்டல் தெரிந்தால், கருவி எப்போதோ கீழே விழுந்தோ அடிபட்டோ, உருளும் குண்டுகள் தடத்தில் பள்ளம் பதித்திருக்கின்றன என்று பொருள். அதைச் செப்பனிடும் செலவில் வேறு கருவியே வாங்கிவிடலாம். பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்து, மைக்ரோமீட்டரைப் பின்னோக்கித் திருகுங்கள். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் ஒரு ஸ்பிரிங் மேடையை மைக்ரோமீட்டர் முனையோடு அழுத்தி வைத்திருக்கும். முனை பின்வாங்கும்போது மேடை உடனே தொடர வேண்டும். சற்றே தயங்கி, பிறகு குதித்து வந்தால் கிரீஸ் இறுகியிருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இரண்டையும் சரிசெய்ய முடியும் என்பதால் பயப்பட வேண்டாம்.

இனி திருகு. மேடைமேல் ஏதேனும் ஓர் உலோகத் தகட்டைக் கிளாம்ப் செய்து, அதிலுள்ள ஒரு கீறலைக் குறுக்குக் கோட்டுக்குக் கொண்டுவந்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் முனைக்கும் மேடைக்கும் இடையே 5.1 மி.மீ. ஸ்லிப் கேஜைச் செருகி, அதே கீறல் மீண்டும் கோட்டில் நிற்கும்வரை மைக்ரோமீட்டரைப் பின்னுக்குத் திருகுங்கள். இரு அளவுகளின் வேறுபாடு சரியாக 5.1 ஆக இருக்க வேண்டும். மற்ற கேஜ்களையும் இவ்வாறே செருகிப் பாருங்கள். முழு எண்களாக இல்லாமல் 5.1, 10.3, 20.2 என்று எடுப்பதற்குக் காரணம் உண்டு: புரியிடை (திருகு ஒரு சுற்றில் நகரும் தூரம்) அரை மி.மீ. என்றால் 5, 10, 20 ஆகியவை டிரம்மை (அளவு பொறித்த சுழலும் உருளையை) எப்போதும் ஒரே கோணத்தில்தான் நிறுத்தும். ஒரு சுற்றுக்குள் மறைந்திருக்கும் பிழை அப்போது கண்ணில் படாது.

ஐபீஸைப் பார்த்தபடியே குறுக்குக் கோட்டை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள். கோடுகள் வெட்டும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமடித்தால், கோண அளவுகளை நம்ப முடியாது.

பெயர்ப் பலகையையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சைஸ் நிறுவனம் பிளவுபட்டு, கிழக்கே ஜெனாவிலும் மேற்கே ஓபர்கோகனிலும் தனித்தனியே இயங்கியது. 1990இல் ஜெர்மனி இணையும்வரை இந்த நிலை நீடித்தது. "அதுவும் சைஸ், இதுவும் சைஸ்" என்று வியாபாரி ஒன்றின் ஐபீஸை இன்னொன்றோடு கொடுத்தால், பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். மேடையின் நடுவிலுள்ள கண்ணாடித் தட்டு, விளக்குக் கூடு, சென்டர்கள் (உருளைப் பொருளை இரு முனையிலும் தாங்கும் கூம்புகள்) ஆகியவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். காணாமற்போன உதிரியை இன்னொரு பழைய கருவியிலிருந்துதான் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வாங்கிவிட்டேன். மேடை இறுகியிருக்கிறது. முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்யலாமா? பூஞ்சைக்கு என்ன செய்வது?

பதில்: கழற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மேடையின் இரு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும்படி தொழிற்சாலையில் பொருத்தி, திருகுகளை இறுக்கியிருக்கிறார்கள். அவற்றைத் தளர்த்திவிட்டால் அந்தச் செங்குத்து நிலையை நீங்களே மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். பழைய கிரீஸ் பெரும்பாலும் கோந்துபோல் இறுகுமே தவிர, உலோகத்தைக் கெடுப்பதில்லை. லென்ஸ்களையும் விளக்கையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, தடத்தின் ஓரங்களில் தூரிகையால் சிறிதளவு வெள்ளை பெட்ரோல் விட்டு, மேடையை முன்னும் பின்னும் நகர்த்தி, கரைந்து வரும் பழுப்பு நிறக் கசடைப் பஞ்சுத் துணியால் ஒற்றியெடுங்கள். கசடு வராமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சன்னல்களைத் திறந்து வையுங்கள்; அருகே நெருப்பு வேண்டாம். பிறகு கருவிகளுக்கான மெல்லிய எண்ணெயைத் துளியளவு இட்டால் போதும். துருநீக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், சில மாதங்களில் அதே இறுக்கத்தை மறுபடி சந்திப்பார்கள்.

பூஞ்சை வெளிப்பரப்பில் மட்டும் இருந்தால், முதலில் ஊதுகுழலால் தூசியை அகற்றிவிட்டு, லென்ஸ் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சில துளிகள் நனைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். லென்ஸை எதிலும் ஊறவைக்கக் கூடாது. பழைய லென்ஸ்களில் இரண்டு கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டியிருப்பார்கள். கரைப்பான் உள்ளே புகுந்தால் ஒட்டு விட்டுப்போகும். துடைத்த பின்னும் சிலந்தி வலைபோல் தடம் தெரிந்தால், பூஞ்சை பூச்சை அரித்துவிட்டது என்று பொருள். அது போகாது, அளவையும் பாதிக்காது, விட்டுவிடுங்கள். துடைத்து முடித்ததும் கருவியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள், குறிப்பாகக் கடலோர ஊர்களில்.

கேள்வி: பழைய 6 வோல்ட் பல்புக்குப் பதிலாக எல்இடி போடலாமா?

பதில்: போடலாம். எல்இடியின் ஒளிரும் பரப்பு பழைய இழை இருந்த அதே இடத்தில் அமைய வேண்டும். பச்சை நிறமாக இருந்தால் விளிம்பு கூர்மையாகத் தெரியும். உருளை வடிவப் பொருள்களை அளக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை: ஒளித்துளையை (விளக்கொளி வரும் துளையை) அகலத் திறந்து வைத்தால் பொருளின் வளைந்த பக்கத்தில் ஒளி பட்டுத் தெறித்து, விட்டம் மாறித் தெரியும். விட்டம் தெரிந்த ஒரு பின்னை (உருளைக் கம்பியை) வைத்துத் துளையைச் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய டிரான்ஸ்பார்மரைத் தூக்கி எறியவும் தயங்க வேண்டாம். அதன் வயர் உறை நொறுங்கிப்போயிருந்தால், கருவியின் உடலே ஷாக் அடிக்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் கழித்த நகரும் நுண்ணோக்கியைப் பட்டறையில் பயன்படுத்தலாமா?

பதில்: அதன் வெர்னியரின் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.001 செ.மீ., அதாவது 0.01 மி.மீ. கண்ணாடிக் குழாயின் உள்விட்டம், வெல்டிங் விரிசலின் அகலம் போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். மைக்ரான் (0.001 மி.மீ.) கணக்கில் டாலரன்ஸ் (அனுமதிக்கும் பிழை) கேட்கும் வேலைக்கு அதை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கேள்வி: என் அளவும் வாடிக்கையாளரின் அளவும் ஒத்துப்போவதில்லை. கருவி பழையது என்று குறை சொல்கிறார்கள்.

பதில்: வயதைக் குறை சொல்வதற்கு முன் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள். நீள அளவுகளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 11.5 மைக்ரான் நீளும். உங்கள் பட்டறை 32 டிகிரியில் இருந்தால், 100 மி.மீ. எஃகுத் துண்டு ஏறத்தாழ 14 மைக்ரான் நீண்டிருக்கும். ஆனால் கருவியின் திருகும் எஃகு என்பதால் அதுவும் அதே விகிதத்தில் நீண்டிருக்கும். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் பிழை ஏறக்குறைய அடிபட்டுப்போகும். அலுமினியத் துண்டாக இருந்தால் அப்படி ஆகாது: அது எஃகைப் போல் இரு மடங்கு நீளும் என்பதால், அதே 14 மைக்ரான் பிழையாகவே நிற்கும். லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு மேடையில் வைக்கும் துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைச் சரிசெய்த பின்னும் வேறுபாடு நீடித்தால், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்தில் கருவியைச் சோதித்துச் சான்றிதழ் பெறுங்கள். சான்றிதழில் "பாஸ்" என்ற சொல்லைத் தேடாமல், ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பிழை, அதன் நிச்சயமின்மை (அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கக்கூடும் என்பது) எவ்வளவு என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். 20 மி.மீ.யில் கருவி 4 மைக்ரான் கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த 4 மைக்ரானைக் கழித்துவிட்டு வேலையைத் தொடரலாம். கருவியை வேறிடத்துக்குத் தூக்கிச் சென்றால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

கேள்வி: மில்லிமீட்டர் கருவி என்று சொல்லி, அங்குல மைக்ரோமீட்டர் பொருத்தியதைக் கொடுத்துவிட்டார் வியாபாரி. பழைய பொருளுக்குப் புகார் செல்லாது என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: பழைய பொருள் என்பதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. உண்மையான தடை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துபவருக்கு விலக்கு அளிக்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், லேத் வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும், நுகர்வோரே என்று விளக்கியது. (அந்த வழக்கைத் தொடுத்த நிறுவனம் தோற்றது, அது வணிக நோக்கம் என்று முடிவாயிற்று.) நீங்களே கருவியில் அமர்ந்து அளக்கும் சிறு பட்டறைக்காரர் என்றால், உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஷிப்டு போட்டு ஆட்களை வைத்து நடத்தும் ஆலை என்றால், உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

எந்த வழியானாலும் கையில் பில் வேண்டும். பில்லில் "பழைய மைக்ராஸ்கோப் ஒன்று" என்று மட்டும் எழுத விடாதீர்கள். தயாரிப்பு நிறுவனம், தொடர் எண், மேடை நகரும் தூரம், மில்லிமீட்டரா அங்குலமா, உடன் தரும் ஐபீஸ்கள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். "உள்ளது உள்ளபடி" என்று வியாபாரி சேர்த்தால், கடையிலேயே நீங்கள் செய்த ஸ்லிப் கேஜ் சோதனையின் எண்களையும் அதே தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.