சிங்கப்பூர் டப்பா, சீன மூலிகை, தடிக்கிற தோல்: கேள்வி பதில்

புதுச்சேரியில் தோல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சீன மூலிகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள் கேட்கலாம் என்று சொன்னேன். பாதிப் பேர் உடம்பு இளைக்க எது நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். நான் சீன வைத்தியம் படித்தவள் இல்லை, அவர்களுக்கு என்னிடம் பதிலும் இல்லை. ஒரு வேண்டுகோள்: மருந்து வந்த டப்பாவை எறியாதீர்கள். "பச்சை மூடி போட்ட சிங்கப்பூர் மருந்து" என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது.

முத்தியால்பேட்டை வாசகி: மகன் கொண்டுவந்த உலர்ந்த செவ்வந்திப் பூவில் டீ போட்டுக் குடித்தேன். மறுநாள் உதடும் கண் இமையும் தடித்து அரிப்பு. எனக்குப் பார்த்தீனியம் செடி ஆகாது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா டாக்டரம்மா?

இருக்கும் அம்மா. நீங்களே பாதிக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பார்த்தீனியம், செவ்வந்தி, சூரியகாந்தி, மாசிபத்திரி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற வகைப் பொருள்கள் உண்டு. ஒன்றில் பழகிக் கொதித்த தோல், அதன் உறவுக்காரச் செடியைக் கண்டாலும் கொதிக்கும். பூக்கட்டும் பெண்கள் விரல் நுனி வெடித்து வருவார்கள். "சோப்பு ஒத்துக்கலை" என்பார்கள். பூவை நிறுத்தச் சொன்னால் பிழைப்பு என்ன ஆகும் என்பார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சீனர்கள் கண் எரிச்சலுக்கும் சூட்டுக்கும் குடிக்கும் ஜூஹுவா என்பது இந்தச் செவ்வந்திதான். மூட்டில் சூடு காட்ட அவர்கள் கொளுத்தும் மோக்ஸா, மாசிபத்திரி இனத்து இலை. அந்தப் புகையும் உங்களுக்கு வேண்டாம். ஒரு நாள் கழித்துத் தடித்தது மெதுவான வகை. குடித்த சில நிமிடத்தில் தொண்டை இறுகினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ அது வேறு வகை. அப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். நிச்சயப்படுத்த இன்னொரு டம்ளர் குடித்துப் பார்க்கவும் வேண்டாம். அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலூர் ஓ.டி. வாசகர்: முழங்கால் வலிக்குச் சீனக் குளிகை, 3 நாளில் வலி பறந்தது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. 4 மாதமாகச் சாப்பிடுகிறேன், முகம் உப்பியிருக்கிறது. அலர்ஜியா?

அலர்ஜி இல்லை ஐயா, எனக்கு ஸ்டீராய்டு சந்தேகம். மூலிகை என்று விற்ற மூட்டுவலிக் குளிகைகளில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும், ஃபீனைல்பியூட்டசோன், டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகளும் கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ ஆகாதவருக்கு அதுவே தடிப்பையும் மூச்சிழுப்பையும் தரும், அவர் மூலிகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார். சட்டென்று நிறுத்தாதீர்கள். பல மாதம் ஸ்டீராய்டு உள்ளே போன உடம்பு, தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். இந்த வாரமே பொது மருத்துவரைப் பாருங்கள், டப்பாவோடு.

லாஸ்பேட்டை வாசகி: மகளுக்கு ஒரு வயது. சளிக்கு மூக்கடியில் கோடாலித் தைலம் தடவலாமா மேடம்?

கூடாது. அதில் இருக்கும் கற்பூரமும் மெந்தாலும் கைக்குழந்தையின் மூச்சைத் தடுமாற வைக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

பாகூர் வாசகர்: கோடாலித் தைலம் இல்லை, புலித் தைலம். பேரனுக்கு 8 மாதம்.

மேலே லாஸ்பேட்டை அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: சீனப் பொருள் என்றாலே விஷம். நம் சித்த மருந்தில் அலர்ஜி என்ற பேச்சே கிடையாது. அதை ஏன் நீங்கள் சொல்வதில்லை?

உண்மையில்லை என்பதால் சொல்வதில்லை ஐயா. சேராங்கொட்டை தெரியும்தானே? வண்ணார் துணியில் குறி போட்ட கொட்டை. அந்தக் குறி கழுத்தில் பட்ட இடத்தில் கொப்புளம் கிளம்பும். அது முந்திரி, மாமரக் குடும்பம். சீனர்கள் மரப்பெட்டிக்குப் பளபளப்புப் பூச்சுப் பூசும் லாக்கர் மரமும் அதே குடும்பம். அந்த மரத்துப் பாலைக் காயவைத்து மருந்திலும் சேர்க்கிறார்கள். அதில் இருக்கும் உருஷியால் என்ற எண்ணெயும் முந்திரி ஓட்டு எண்ணெயும் கிட்டத்தட்டச் சகோதரர்கள். பண்ருட்டியில் முந்திரி உடைத்துக் கை வெந்தவர் அந்தச் சீன மருந்தைத் தொட்டால் கைக்கு நாடு தெரியாது.

அதே வாசகர்: சுத்தி செய்யாத, அதாவது நஞ்சு முறிக்காத சேராங்கொட்டையைச் சொல்லிச் சித்தர்களைக் குறை சொல்கிறீர்கள்.

சுத்தி செய்தால் காரம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். சுத்தி என்ற ஏற்பாட்டை வைத்ததே அதன் குணம் அறிந்துதான். கொட்டை சாதுவானது என்றால் எதற்குச் சுத்தி? சித்தர்களை நான் குறை சொல்லவில்லை, சித்தர் பேரைச் சொல்லி எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடுபவர்களைச் சொல்கிறேன்.

பண்ருட்டி வாசகி: டாக்டரம்மா சொல்வது சரி. 12 வருடம் முந்திரி உடைத்தேன். சாம்பலைப் பூசிக்கொண்டாலும் தோல் உரியும். மாங்காய்ப் பால் பட்டாலே இப்போது உதடு வீங்குகிறது.

மாங்காய்க் காம்பைக் கிள்ளி, பால் வடியவிட்டு, வேறு யாரையாவது தோல் சீவச் சொல்லிச் சாப்பிடுங்கள். பெரும்பாலும் தொல்லை இருக்காது. சீனத் தைலம், லேகியம் எதுவானாலும் சேர்க்கையைப் படிக்காமல் தொடாதீர்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர் மறுபடியும்: சரி, ஒரு கொட்டைதானே. வேறு என்ன இருக்கிறது?

ஆடுதின்னாப்பாளை. இது அலர்ஜி விவகாரம் இல்லை, நஞ்சு விவகாரம். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரில், இளைப்பதற்குச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 100க்கு மேல். போட வேண்டியது ஃபாங் ஜி, போட்டது குவாங் ஃபாங் ஜி. பெயர் ஒட்டியிருந்ததால் வந்த வினை. இரண்டாவதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. பின்னால் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்தவைதான் நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும். பாம்புக்கடிக்கும் பூச்சிக்கும் நம் பாட்டிகள் அரைத்தது. இதில் சீனா தோற்றது, தமிழ்நாடு ஜெயித்தது என்று எதை எழுதுவது?

அவர் இன்னும் 6 முறை எழுதியிருக்கிறார். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் ஐயா.

அரியாங்குப்பம் வாசகர், வயது 26: நரை மறைய ஹே ஷோ வு மாத்திரை சாப்பிடலாமா?

கல்லீரலைக் கெடுத்ததாகப் பல நாடுகளில் பதிவான மூலிகை தம்பி. வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே ரத்தப் பரிசோதனை. நரை அழகாகத்தான் இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: எனக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மெதுவான வகைக்குப் பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. கடலூர் சித்திரை வெயிலில் வியர்வையே ஒட்டியதைப் பெயர்த்துவிடும், மார்கழியில் போங்கள். மருந்தை நீங்களே அரைத்துத் தோலில் கட்டிச் சோதிக்காதீர்கள், புண்ணாகி நிற்கும்.

வில்லியனூர் வாசகர்: சீனக் கஷாயம் குடித்ததிலிருந்து பிரஷர் ஏறுகிறது.

அதில் அதிமதுரம் இருக்கிறதா பாருங்கள். சீனக் கலவைகள் பலவற்றில் உண்டு. நாள்பட்டால் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். டப்பா இருக்கிறதா?

அதே வாசகர்: எறிந்துவிட்டேன்.

என்னத்தைச் சொல்ல.

கடலூர் வாசகர்: இப்படிப் பாதிப்பு வந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் உங்கள் மருத்துவரிடம். அப்புறம் மருந்துப் பக்கவிளைவைப் பதிய மத்திய அரசின் இலவச எண் 1800-180-3024. மருந்தின் பெயர், எப்போது சாப்பிட்டீர்கள், என்ன ஆனது, மூன்றும் கையில் இருக்கட்டும்.

முதலியார்பேட்டை வாசகர்: நாய்க்குக் காலில் சுளுக்கு. கோடாலித் தைலம் பூசலாமா?

கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள்.