வாசகர் கேள்வி–பதில்: பீரங்கிக் குண்டுக்கு ஏன் இத்தனை தட்டுப்பாடு?

கேள்வி: லட்சக்கணக்கில் கார்களைத் தயாரித்துத் தள்ளும் பணக்கார நாடுகள், உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து பீரங்கிக் குண்டுக்குத் திணறுவதாகப் படிக்கிறேன். நம்பும்படியாகவா இருக்கிறது?

பதில்: நம்பத்தான் வேண்டும். 2024 மார்ச்சுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் குண்டுகள் தருவதாக வாக்களித்த ஐரோப்பிய ஒன்றியத்தால், கெடு முடிந்தபோது ஏறக்குறைய பாதியைத்தான் தர முடிந்தது. போருக்கு முன் அமெரிக்கா 155 மி.மீ. விட்டமுள்ள பீரங்கிக் குண்டுகளை மாதத்துக்குச் சுமார் 14,000 என்ற அளவில்தான் செய்துவந்தது. மாதம் ஒரு லட்சம் என்பது பிறகு வைத்துக்கொண்ட இலக்கு.

குண்டின் கூடு எஃகினால் ஆனது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரிலுள்ள ஆலையில் எஃகுத் துண்டுகளைச் சிவக்கக் காய்ச்சி, அழுத்தித் துளைத்து, நீட்டி, கடைந்து அந்தக் கூடுகளைச் செய்கிறார்கள். பெரிய பொறிகள் தேவைப்படும் வேலைதான். ஆனாலும் கார் செய்யத் தெரிந்த நாட்டுக்கு அது எட்டாத வித்தை அன்று. அயோவா மாநிலத்திலுள்ள மற்றோர் ஆலைக்குக் கூடு போய்ச் சேர்ந்து, அதில் வெடிமருந்து நிரப்பும் கட்டத்தில்தான் அவசரம் செல்லாமல் போகிறது. டி.என்.டி. என்னும் வெடிமருந்து சுமார் 80 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய மருந்தைக் கூட்டுக்குள் ஊற்றி மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். வேகமாக ஆற்றினால் மருந்து சுருங்கி, உள்ளே பொள்ளலோ விரிசலோ விழுந்துவிடும். அத்தகைய குண்டு, சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் பீரங்கிக் குழலுக்குள்ளேயே வெடித்துவிடக்கூடும் என்பதால், நிரப்பிய குண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே அனுப்புகிறார்கள்.

இத்தனைக்கும் அந்த மருந்து கையிருப்பில் இருக்க வேண்டுமே! அமெரிக்கா தன் மண்ணில் டி.என்.டி. உற்பத்தியை 1986-இல் நிறுத்திவிட்டுப் போலந்து போன்ற வெளிநாடுகளை நம்பியிருந்தது. கென்டக்கியில் புதிய ஆலை கட்டுவதற்கு 2024-இல்தான் ஒப்பந்தம் போட்டது. குண்டை வெளியே தள்ளும் உந்துமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அது பருத்திக் கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழைகளிலிருந்து வருகிறது. ஐரோப்பாவோ அந்த இழைகளைப் பெருமளவில் சீனாவிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி: முன்பும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

பதில்: முதல் உலகப் போரின்போது, 1915-இல் பிரிட்டனில் நேர்ந்தது. போர்முனையில் குண்டு போதவில்லை என்ற செய்தி மே மாதம் பத்திரிகையில் வெளியாகி, அரசே ஆட்டம் கண்டது. அரசியல் தலைவர் லாய்டு ஜார்ஜின் பொறுப்பில் தளவாடங்களுக்கெனத் தனி அமைச்சகம் பிறந்தது. உற்பத்தி பெருகியதன் விலையையும் சொல்ல வேண்டும். டி.என்.டி.யைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளாயிற்று; 1917 ஜனவரியில் லண்டனின் சில்வர்டவுன் ஆலை வெடித்து 73 பேர் மாண்டனர்.

கேள்வி: இத்தொழிலைத் தனியாரிடம் விட்டதுதானே கோளாறு? அரசே ஏற்று நடத்தினால் என்ன?

பதில்: மேலே சொன்ன ஸ்க்ரான்டன், அயோவா ஆலைகள் இரண்டும் அரசுக்குச் சொந்தமானவைதாம், நடத்துவது மட்டுமே தனியார். ஆகவே உடைமை யாரிடம் இருக்கிறது என்பதைவிட, வாங்குபவர் ஒருவரே, அதாவது அரசே என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஒருவர் கையைச் சுருக்கிக்கொண்டால், சரக்கை வேறு எவருக்கும் விருப்பம்போல் விற்க முடியாது. 1993-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் நடந்த ஒரு விருந்தில், ராணுவச் செலவு குறையப்போகிறது, ஒன்றோடொன்று இணைந்துகொள்ளுங்கள் என்று ஆயுத நிறுவனத் தலைவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். 51 ஆக இருந்த முதன்மை ஒப்பந்த நிறுவனங்கள் காலப்போக்கில் ஐந்தாயின. தோளில் வைத்து விமானத்தை நோக்கி ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணையை அமெரிக்க ராணுவம் ஏறக்குறைய 20 ஆண்டுகள் புதிதாக வாங்கவே இல்லை. மீண்டும் கேட்டபோது, செய்முறையைச் சொல்லிக்கொடுக்க, ஓய்வு பெற்று எழுபது வயதைக் கடந்த பொறியாளர்களைத் தேடி அழைக்க வேண்டியதாயிற்று. அமைதிக்காலத்திலும் குறைந்த அளவிலாவது கொள்முதல் தொடர்ந்தால்தான் கைத்திறன் அழியாமல் நிற்கும்.

கேள்வி: ஆயுத வியாபாரிகள் லாபத்துக்காகப் போர்களைத் தூண்டுகிறார்கள் என்பது உண்மையா?

பதில்: இதை விசாரிக்கவே அமெரிக்க செனட் 1934-இல் நை என்ற செனட் உறுப்பினரின் தலைமையில் ஒரு குழு அமைத்தது. கொள்ளை லாபமும் லஞ்சமும் அம்பலமாயின. முதல் உலகப் போரில் நாட்டை இழுத்துவிட்டவர்கள் ஆயுத வியாபாரிகளே என்பது மட்டும் நிறுவப்படவில்லை. 1961 ஜனவரி 17 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் தம் விடைபெறும் உரையில் ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்து பெறும் செல்வாக்கைப் பற்றி எச்சரித்ததைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நிரந்தர ஆயுதத் தொழில் ஒன்றை உருவாக்கியது தவிர்க்க முடியாதது என்று அதே உரையில் அவர் சொன்னதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். போர் மூளுமா என்பதைவிட, எதை வாங்குவது என்பதில்தான் அந்தச் செல்வாக்கு நாள்தோறும் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. நாடெங்கும் பல தொகுதிகளில் உதிரிபாகங்கள் செய்யப்படும் போர்விமானத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாட ஆள் உண்டு. வெடிமருந்து ஆலைக்காக அப்படி வாதாடுபவர்கள் குறைவு.