மாத்திரையும் மீன் குழம்பும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு நுண்ணுயிரியலாளரின் பதில்கள்

மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரி வாணலியில் நன்றாகப் புரட்டிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பையனுக்கு வாந்தி. அவ்வளவு சூட்டிலுமா கிருமி பிழைக்கும்?

கிருமி செத்திருக்கும், அது சுரந்த நச்சு சாகாது. அரிசியில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலை கொதித்தாலும் அழிவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நச்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கும். இந்த நச்சு 121 டிகிரி செல்சியஸ் சூட்டையும் தாங்கக்கூடியது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும், பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். பரிசோதிக்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் நேரம் பொருந்துகிறது. மிஞ்சும் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அப்படியானால் பழைய சோறு?

தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. புளிப்பு ஏற ஏற மேலே சொன்ன கிருமியால் வளர முடிவதில்லை. ஆனால் புளிக்கச் சில மணி நேரம் ஆகும். அதனால் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மத்தியானச் சோற்றைச் சும்மா போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது ஊற்றுவது சரியில்லை.

என் கணவர் மூன்று மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் சூரை மீன் குழம்பு சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. அதையே சாப்பிட்ட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடலாம் என்கிறார்.

தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். பாதியில் விட்ட காசநோய் மருந்து நோயைத் திரும்பக் கொண்டுவரும், கிருமி மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மீன் மீதுதான் எனக்குச் சந்தேகம். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் போதிய ஐஸ் இல்லாமல் கிடந்தால், மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமையின்போது நம் உடம்பே சுரக்கும் அதே பொருள்தான் இது. மீன் நாறுவதற்கு முன்பே சேர்ந்துவிடலாம், கொதிக்கும் குழம்பிலும் அழியாது. அளவு மிகுந்தால் மருந்தே சாப்பிடாதவருக்கும் முகம் சிவக்கும்.

சாதாரணமாகக் கொஞ்சம் ஹிஸ்டமின் உள்ளே போனால் குடலில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ஐசோனியாசிட் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் அதே குழம்பைச் சாப்பிட்ட உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் அவருக்கு மட்டும் ஆகியிருக்கலாம். இலங்கையில் உரகொட, கொட்டேகொட என்ற ஆய்வாளர்கள் 1977இலேயே இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் மாத்திரை அட்டையோடு இந்த ஒரு வரி நோயாளிக்குச் சொல்லப்படாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

என்ன மீன், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டு மருந்து தரும் மையத்தில் சொல்லுங்கள். சிகிச்சை முடியும்வரை இந்த மீன்களையும் அவற்றின் கருவாட்டையும் தவிர்த்து முட்டை, கோழி, பருப்பு கொடுங்கள், புரதம் அவருக்கு அவசியம். மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ வந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அசிடிட்டிக்குத் தினமும் ஒமிப்ரசோல். எல்லோரும் ஒரே கடையில் சாப்பிட்டாலும் எனக்குத்தான் வயிறு போகிறது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியை இரைப்பை அமிலம் கொன்றுவிடுகிறது, உங்கள் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. இவ்வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கு சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளின் தொற்றுகள் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. என்றோ எழுதிய சீட்டை வைத்து வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தால், இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை வெளியே நறுக்கி வைத்த பழம், வெகுநேரம் இருந்த தேங்காய்ச் சட்னி வேண்டாம்.

சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாலோடு விழுங்கலாமா?

கூடாது. பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேருவது குறையும். தண்ணீரோடு விழுங்கிவிட்டு, பாலுக்கு 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

அம்மா இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறார். நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த டாக்டர், டிகாக்சின் அளவுக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். எதற்கு?

நல்ல டாக்டர். சுமார் பத்தில் ஒருவருக்கு, டிகாக்சினில் கணிசமான பகுதியைக் குடலில் வாழும் எகர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஆன்டிபயாடிக் அந்த பாக்டீரியாவை ஒடுக்கினால், அதே மாத்திரையிலிருந்து கூடுதல் மருந்து ரத்தத்தில் ஏறும். சிலருக்கு அளவு இருமடங்கு வரை உயர்ந்ததை 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள், உடம்பு டிகாக்சினை வெளியேற்றுவதையும் தடுக்கின்றன. டிகாக்சினுக்குப் பயன்தரும் அளவும் நஞ்சாகும் அளவும் மிக நெருக்கம். அம்மாவுக்குக் குமட்டல், பார்வையில் மஞ்சள் படர்வது, நாடித் துடிப்பு குறைவது என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைக் கூப்பிடுங்கள்.